பன்னிரண்டு பாகை

பற்றவைப்பவள் இல்லை நான்.
அவர்கள் பற்றவைத்துவிட்டுத்
தேநீருக்குப் போனபின் வருகிறவள்.
எஃகின் மேல் பசை தடவி
தீப்பெட்டி அளவுக் கருவியை நகர்த்தி
உள்ளே போன ஒலி
எதில் முட்டித் திரும்புகிறதென்று கேட்பவள்.
சம்பளச் சீட்டில் செங்கா மட்ச்.
ரொசைத் கப்பல்துறையில் என் பெயர் 'மறுபடியும்'.
நான் அதிகம் சொல்லும் சொல் அதுதான்.

கப்பல் துண்டு துண்டாக வந்தது.
கிளைட் ஆற்றிலிருந்து வயிறு,
போர்ட்ஸ்மவுத்திலிருந்து மூக்கு,
டைன் கரையிலிருந்து தளத்தில் ஒரு பட்டை.
மிதவைகளில் ஏறி வடகடல் குலுக்கக் குலுக்க
ஒருவரையொருவர் பார்த்திராத உறவினர்
கல்யாண வீட்டில் இறங்குவதுபோல்
இறங்கின.
ஆயிரமாயிரம் டன்னைத் தள்ளிக்கொண்டுபோய்
இன்னோர் ஆயிரமாயிரத்தோடு சேர்த்தபோது
இடைவெளி மூன்று மில்லிமீட்டர்.
மூன்று!
மேற்பார்வையாளர் கிரெய்க் டஃபி
அளவுகோலுக்கு முத்தம் கொடுத்தார்.

உணவகத்தில் தினமும் ஒப்பீடு.
ஃபெர்கஸ் சுவரில் படங்கள் ஒட்டியிருந்தான்.
அமெரிக்கக்காரனுடையது லட்சம் டன்,
அணு உலை, நான்கு கவண்.
பிரெஞ்சுக்காரனுடையது சின்னது,
அதற்குக்கூடக் கவண் இருக்கிறது.
சீனாக்காரனும் வைக்கப்போகிறான்.
நம்முடையது?
மூக்கைத் தூக்கி வளைத்த ஒரு சாய்தளம்.
"விமானத்தைப் பார்த்து, ஓடிவந்து குதி என்கிறோம்"
என்றான், ஆறிப்போன வறுவலைப் பார்ப்பதுபோல் பார்த்து.
"கவண் இருந்தால்
கனத்த ரேடாரைச் சுமப்பதும் ஏறும்,
எண்ணெய் சுமப்பதும் ஏறும்.
நமக்கு ஒரே இனம். அதுவும்
கொசுபோல் நின்ற இடத்தில் இறங்குவது."
"கவண் பழுதாகும்" என்றாள் மின்கம்பிப் பிரிவு ஓர்லா.
"மேடு பழுதாகுமா?"
மேசை இரண்டாகப் பிரிந்தது.
என் பக்கம் திரும்பினார்கள்.
நான் சூப் குடித்தேன்.

சாய்தளத்துக்கு அடியில்
பதினேழாம் சட்டத்துக்கும் பதினெட்டுக்கும் நடுவே
முழங்காலில் மட்டுமே போகக்கூடிய அறை.
அங்கே டோனல் ரே போட்ட தையல்.
என் திரையில் சிறு முள் எழுந்தது:
உள்ளே ஓட்ஸ் மணியளவு வெற்றிடம்.
மறுபடியும் என்றேன்.
முந்தின இரவுதான் அவனுக்குப் பெண் பிறந்திருந்தது.
ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து
நேராக வேலைக்கு வந்திருந்தான்.
தேய்த்து எடுத்தான். மறுபடி வைத்தான்.
மறுபடி முள்.
மூன்றாம் முறை நிமிர்ந்து பார்த்தான்.
அந்தப் பார்வையில் ஒரு டார்பிடோ இருந்தது.
நான்காம் முறை
திரை அசையாமல் படுத்துக் கிடந்தது.
சுண்ணக்கட்டி எடுத்து
தையலுக்குப் பக்கத்தில் எழுதினான்:
மூன்று கிலோ நூறு.
மறுநாள் சாம்பல் வண்ணம் அதன்மேல் ஏறியது.
விதிப்படி நான் அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியேறிய இரவு
நீர் வற்றக் காத்திருந்தோம்.
கொடிமரத்தை மடக்கியும்
பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான்.
மேலே கடைசி ரயில் போனது,
ஜன்னலில் யாரோ சாண்ட்விச் தின்றபடி.

அடுத்த ஆண்டு, டன்ஃபர்ம்லைனில்,
பல் மருத்துவரின் காத்திருப்பறை.
ஒலியில்லாத தொலைக்காட்சியில்
அந்த விமானம் ஓடி வருகிறது.
பன்னிரண்டு பாகை.
இருபது டன்னும் அதன் நெருப்பும்
டோனலின் தையல் மேல்
ஓர் இமைப்பு இருந்தன.
பிறகு இல்லை.
அறையில் எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.
நான் திரையின் கீழ் விளிம்பைப் பார்த்தேன்.
ஒன்றும் விரியவில்லை.
ஃபெர்கஸுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.
பிறகுதான் கண்ணில் பட்டது
இறக்கையடியில் தொங்கியது.
ஒத்திகைக்கான போலிதான், நீல வண்ணம்.
அசல் ஒருநாள் தொங்கும்.
எந்த ஊரின் எந்தக் கூரைக்கு என்பதில்
பசை தடவி ஒலி அனுப்ப
எனக்கு இடமில்லை.

"செங்கா மட்ச்" என்று கூப்பிட்டார்கள்.
மருத்துவர் கொக்கியால் பல்லைத் தட்டி
தலையைச் சாய்த்துக் கேட்டார்.
இன்னொரு தரம் தட்டினார்.
உள்ளே
சின்னதாக ஒரு வெற்றிடம் இருக்கிறது என்றார்.